இரட்டையர் ஆட்டத்தில் ஒரு தமிழ்ப் பெண்: மலேசியப் பூப்பந்தின் வரலாறு

உலகப் பூப்பந்து வெற்றியாளர் போட்டியில் பெண்கள் இரட்டையர் இறுதியாட்டத்துக்கு முன்னேறிய முதல் மலேசிய இணை, தமிழரான தீனா முரளிதரனும் பெர்லி தானும். 2025 ஆகஸ்டில் பாரிசில் வெள்ளிப் பதக்கம் வென்ற இந்த இணையின் வளர்ச்சி, மலேசியத் தமிழ்ப் பெண்களின் விளையாட்டு வரலாற்றில் தனி அத்தியாயம்.

அந்த வரலாற்றுக்குப் பின்னணி தோட்ட வாழ்க்கை. மலாயாத் தமிழர்களின் பெரும்பகுதியினர் ரப்பர் தோட்டங்களில் வாழ்ந்தார்கள். விடியுமுன் பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) நின்று ரப்பர் மரங்களில் பால் வெட்டப் போன பெண்களுக்குத் தோட்ட வேலை முடிந்தாலும் லயத்து (வரிசைக் குடியிருப்பு) வீட்டில் அடுப்பு வேலை காத்திருக்கும். தோட்டத்துத் திடலில் ஆண்களின் கால்பந்துக்கே முதலிடம். பூப்பந்துக்குத் தோட்டச் சூழல் இன்னொரு வகையிலும் ஒத்துவரவில்லை. 16 இறகுகள் கொண்ட பந்தின் எடை 4.74 முதல் 5.50 கிராம் வரைதான். லேசான காற்றுக்கே அது திசைமாறும் என்பதால், முறையான பயிற்சிக்கு மூடிய மண்டபம் வேண்டும். இறகுகள் முறிய முறியப் புதுப் பந்து வாங்கவும் வேண்டும். இந்த வசதிகள் பட்டணத்துப் பள்ளிகளையும் மன்றங்களையும் சார்ந்தே இருந்தன.

தடைகளை மீறிப் பூப்பந்தில் உலக அளவில் பெயர் பதித்த மலேசியத் தமிழர் பஞ்ச் குணாளன். இங் பூன் பீயுடன் இணைந்து 1970இல் எடின்பரோ காமன்வெல்த் போட்டியில் இரட்டையர் தங்கமும், 1971இல் அகில இங்கிலாந்து இரட்டையர் பட்டமும் வென்றார். 1974இல் காமன்வெல்த் ஒற்றையர் தங்கமும் அவருக்கே கிடைத்தது. பின்னாளில் அனைத்துலகப் பூப்பந்து நிர்வாகத்தில் பொறுப்பேற்று, புதிய புள்ளி முறையைக் கொண்டுவர முன்நின்று உழைத்தார். பழைய முறையில் இரட்டையர் செட் 15 புள்ளி. பந்தைப் போடும் அணி மட்டுமே புள்ளி பெறும். பந்து போடும் உரிமை கைமாறிக்கொண்டிருக்க, புள்ளிப்பலகை நெடுநேரம் நகராமலே நிற்கும். 2006 முதல் செட் 21 புள்ளியானது. ஒவ்வொரு பந்துக்கும் ஒரு புள்ளி என்பதால், ஒரு சிறு தவறும் எதிரணிக்குப் புள்ளியாகிறது. தீனா போன்றவர்கள் ஆடி வளர்ந்தது இந்த முறையில்தான்.

மலேசியப் பெண்கள் இரட்டையர் ஆட்டம் உலக வரிசையில் ஏறத் தொடங்கியதும் அதே காலத்தில்தான். 2006 மெல்பர்ன் காமன்வெல்த் போட்டியில் சின் ஈ ஹுய் – வோங் பெய் டீ இணை தங்கம் வென்றது. 2009இல் உலகத் தரவரிசையில் முதலிடத்தையும் எட்டியது. 2014இல் விவியன் ஹூ – வூன் கே வெய், 2018இல் விவியன் ஹூ – சௌ மெய் குவான் ஆகியோர் காமன்வெல்த் தங்கம் வென்றார்கள்.

1998இல் பிறந்த தீனாவும் 2000இல் பிறந்த பெர்லியும் இந்த வரிசையின் அடுத்த இணை. இரட்டையர் களம் 13.40 மீட்டர் நீளமும் 6.10 மீட்டர் அகலமும் கொண்டது. அந்தப் பரப்பில் இவர்களின் வேலைப் பங்கீடு தெளிவானது. பெர்லி பின்களத்திலிருந்து ஓங்கி அடிப்பார். தீனா வலையோரம் நின்று, எதிரணி பந்தை உயரத் தூக்கும்படி நெருக்குவார்; தூக்கிய பந்து பெர்லியின் அடிக்கு வாகாக வரும். கைதட்டல் பெரும்பாலும் கடைசி அடிக்கே கிடைக்கும். ஆனால் அந்த அடிக்கு வழி திறப்பது முன்களத்தில் நிற்பவரின் கணிப்பும் மணிக்கட்டு வேகமும்தான்.

2021 மார்ச்சில் பல்கேரியாவின் ஸ்தோயெவா சகோதரிகளை வென்று இவர்கள் சுவிஸ் பொதுப் போட்டியில் பட்டம் பெற்றார்கள். 2022 ஆகஸ்டில் பர்மிங்காம் காமன்வெல்த் கலப்பு அணிப் போட்டியின் இறுதியில், இந்தியாவின் திரீசா ஜாலி – காயத்ரி கோபிசந்த் இணையைத் தோற்கடித்து மலேசியாவின் தங்கத்தை உறுதிசெய்தார்கள். சில நாட்களில் இரட்டையர் தங்கமும் வந்தது. அதே ஆண்டு அக்டோபரில் பிரெஞ்சுப் பொதுப் போட்டியின் இறுதியாட்டம் இன்னும் பெரிய சோதனை. எதிரே நின்ற ஜப்பானின் மாயு மட்சுமோட்டோ – வகானா நாகஹாரா இணை 2018, 2019 ஆண்டுகளின் உலக வெற்றியாளர்கள். 2016 ரியோ ஒலிம்பிக்கில் பெண்கள் இரட்டையர் தங்கம் வென்ற நாட்டின் வலுவான இணையை மூன்று செட்களில் தோற்கடித்தது, மலேசியாவுக்குப் பெரிய வெற்றி.

அதே தலைமுறையில் ஒற்றையர் ஆட்டத்தில் எழுந்தவர் சிரம்பானில் பிறந்த கிஷோனா செல்வதுரை. 2019 தென்கிழக்காசிய (சீ) விளையாட்டுப் போட்டியில் பெண்கள் ஒற்றையர் தங்கம் வென்றவர் அவர். உலகக் கலப்பு அணிப் போட்டியான சுதிர்மான் கிண்ணத்தின் 2021 அரையிறுதியில் ஜப்பானின் அக்கானே யமாகுச்சியிடம் அவர் தோற்றபோது, அரசியல் கட்சிக்காரர் ஒருவர் சமூக ஊடகத்தில் அவருடைய இனத்தை இழிவுபடுத்தி, எந்தத் தோட்டத்திலிருந்து வந்தவர் என்று ஏளனம் செய்தார். நாடு முழுவதும் கண்டனம் எழுந்தது. கிஷோனா தோற்றது சில மாதங்களிலேயே உலக வெற்றியாளரான வீராங்கனையிடம். தோட்டத்து உழைப்பைத் தாழ்வாகப் பேசியவர்களுக்குத் தெரியாமல் போனது, அந்த உழைப்பின் மேல்தான் நாட்டின் ரப்பர் வளம் எழுந்தது என்பது.

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் பெண்கள் இரட்டையர் அரையிறுதிக்குத் தகுதிபெற்ற முதல் மலேசிய இணையும் தீனா – பெர்லிதான். அரையிறுதியில் சீன இணையிடமும், வெண்கலப் பதக்க ஆட்டத்தில் ஜப்பானின் நாமி மட்சுயாமா – சிஹாரு ஷிதா இணையிடமும் தோற்று நான்காம் இடம் பெற்றார்கள். 2025 மே மாதம் தாய்லாந்துப் பொதுப் போட்டியில் வாகை சூடினார்கள். மூன்று மாதங்களில், ஒலிம்பிக் நடந்த அதே பாரிஸ் அரங்கில், உலக வெற்றியாளர் போட்டியின் இறுதியாட்டத்தை எட்டினார்கள். அதில் சீனாவின் லியு ஷெங்ஷு – தான் நிங் இணை தங்கத்தைக் கைப்பற்ற, மலேசியாவுக்கு இந்தப் பிரிவில் முதல் உலக வெள்ளி கிடைத்தது.