உடலில் தங்கிய ஷெல் துண்டும் ஓயாத அழற்சியும்

மட்டக்களப்பின் படுவான்கரையில் உள்ள எங்கள் உன்னிச்சையில், போர்க்காலத்து ஷெல் துண்டை உடம்பில் வைத்துக்கொண்டே வயலுக்குப் போகிறவர்களை எனக்குத் தெரியும். காயம் ஆறி இத்தனை வருடங்களாகியும் அந்த இடம் ஏன் வீங்கி நோகிறது என்பதே அவர்களுடைய கேள்வி. நோயெதிர்ப்புக் கலங்களின் வேலையைத் தெரிந்துகொண்டால் விடை விளங்கும்.

1882 இல் இத்தாலியின் மெசினாவில் இலியா மெச்னிக்கோவ் என்ற விஞ்ஞானி நட்சத்திரமீன் குடம்பிகளின் உடலில் ரோசா முள்ளைக் குத்திவைத்தார். மறுநாள் முள்ளைச் சுற்றிக் கலங்கள் மொய்த்திருந்தன. அந்நியப் பொருளை விழுங்கி அழிக்க வந்தவை அவை. நோயெதிர்ப்பு ஆய்வுகளுக்காக 1908 இல் அவர் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

ஷெல் துண்டு பாய்ந்தாலும் இதுவே நடக்கிறது. சில மணித்தியாலங்களுக்குள் நியூற்றோபில் எனும் வெண்குருதிக் கலங்கள் வந்து கிருமிகளைக் கொல்கின்றன. அடுத்து மக்ரோபேஜ் எனும் பெரிய விழுங்கிகள் வருகின்றன. இரும்பை அவற்றால் விழுங்க முடியாது. ஆகவே பல ஒன்றுசேர்ந்து இராட்சதக் கலங்களாகின்றன.

இவை சைற்றோகைன் எனும் புரதங்களைத் தூது அனுப்புகின்றன. ரி.என்.எஃப். மேலும் வெண்குருதிக் கலங்களை அழைக்கிறது. இன்ரலூக்கின்-1 காய்ச்சலை உண்டாக்குகிறது. இன்ரலூக்கின்-6 சொல்வதைக் கேட்டு ஈரல் சி.ஆர்.பி. எனும் புரதத்தைச் சுரக்கிறது. வைத்தியர் சி.ஆர்.பி. குருதிப் பரிசோதனை எழுதித் தருவது இந்த அழற்சியை அளக்கத்தான்.

கடைசியில் துண்டைச் சுற்றி நார்த்திசு உறை உருவாகிறது. பலருக்கு அது ஆயுள் முழுவதும் அமைதியாகவே இருக்கும். கிருமி ஒளிந்திருந்தாலோ, துண்டு மூட்டுக்குள் கிடந்தாலோ தூது மீண்டும் தொடங்கும். வீக்கம், வலி, சீழ் வரும். ஆகவே அந்த நோவு வெறும் மனப்பிரமை அல்ல.

மூன்று விடயங்களை மறக்க வேண்டாம். எம்.ஆர்.ஐ. எடுக்குமுன் உடம்பில் துண்டு இருப்பதைக் கட்டாயம் சொல்லுங்கள். காந்தம் இரும்பை அசைக்கக்கூடும். ஈயச் சன்னம் மூட்டுக்குள் இருந்தால் ஈயம் கரைந்து குருதியில் கலக்கலாம். கர்ப்பிணிகள் இதை முன்கூட்டியே வைத்தியரிடம் சொல்வது நல்லது. பழைய தழும்பு சிவந்து சூடேறினாலோ, சீழ் வடிந்தாலோ, கடையில் வலிக்குளிசை வாங்கிப் போட்டுச் சமாளிக்காமல் வைத்தியசாலைக்குப் போங்கள். எல்லாத் துண்டையும் வெட்டி எடுக்க வேண்டியதில்லை. எதை எடுப்பது, எதை விடுவது என்பதை எக்ஸ்ரே பார்த்து வைத்தியர் தீர்மானிப்பார்.