பிராய்டின் மேஜையில் ஒரு திருவிதாங்கூர் விஷ்ணு

மனோதத்துவ சிகிச்சைக்குப் போகிறவர் தன் பிரச்சினையை மட்டும் எடுத்துக்கொண்டு போவதில்லை. தன் அம்மாவையும் அப்பாவையும் கூடவே கூட்டிக்கொண்டு போகிறார். உளப்பகுப்பாய்வு நூறு வருடங்களுக்கு மேலாகச் சொல்லி வருவது இதைத்தான். சரி, எதிரே உட்கார்ந்து கேட்கிற மருத்துவர்? அவரும் ஒரு காலத்தில் ஒரு அம்மாவுக்குப் பிள்ளையாக இருந்தவர்தானே? அவருடைய குழந்தைப் பருவம் அந்த அறைக்குள் வராதா? இந்தக் கேள்விக்குள் போக ஒரு தந்தச் சிலையின் கதை உதவும்.

1931ல் சிக்மண்ட் பிராய்டுக்கு 75 வயது நிறைந்தது. அதை முன்னிட்டு கல்கத்தாவில் இருந்த இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கம் அவருக்கு ஒரு விஷ்ணு சிலையை அனுப்பியது. தந்தத்தில் செய்தது, அனந்தன் குடை பிடிக்க விஷ்ணு அமர்ந்திருக்கும் கோலம், திருவிதாங்கூர் பாணி. வடசேரியும் அன்று திருவிதாங்கூர் சமஸ்தானத்தில்தான் இருந்தது (1956 நவம்பர் 1ல்தான் குமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைந்தது). பிராய்டுக்குச் சிலை பிடித்துப் போனது. தன் மேஜையிலேயே வைத்துக்கொண்டார்.

அனுப்பியவர் யார்? கிரீந்திரசேகர் போஸ் (1887-1953). கல்கத்தா மருத்துவர். பிராய்டை ஒருமுறைகூட நேரில் சந்திக்காமல், படித்தும் தானே சிந்தித்தும் உளப்பகுப்பாய்வுக்கு வந்தவர். 1921ல் மன அடக்கம் பற்றிய தன் ஆய்வேட்டை பிராய்டுக்கு அனுப்பினார். 1922ல் பார்சிபகான் லேனில் இருந்த தன் வீட்டிலேயே சங்கத்தைத் தொடங்கினார். இருவருக்கும் இடையே 1937 வரை கடிதப் போக்குவரத்து இருந்தது.

அந்தக் கடிதங்களில் ஒரு முக்கியமான கருத்து வேறுபாடு உண்டு. அது புரிய வேண்டுமானால் 'டிரான்ஸ்ஃபரன்ஸ்' என்ற ஒரு வார்த்தை தெரிய வேண்டும். காமர்ஸ் மாணவர்களுக்கு இது சுலபம். போன வருடத்தின் இறுதி இருப்பு இந்த வருடத்தின் தொடக்க இருப்பாகப் பேரேட்டில் ஏறுகிறது அல்லவா? அதுபோலத்தான். சின்ன வயதில் அம்மா அப்பாவிடம் வைத்த பாசம், பயம், கோபம் எல்லாம் சிகிச்சை தருபவரின் பெயரில் புதுக் கணக்காக ஏறிவிடுகிறது. நோயாளி மருத்துவரோடு பேசுவதாக நினைத்துக்கொண்டு அப்பாவோடு சண்டை போடுவார், அம்மாவிடம் அழுவார். அந்தப் பழைய பாக்கியைப் படித்துப் பார்ப்பதே சிகிச்சையின் வேலை.

பிராய்டின் கணக்கில் பெரிய புள்ளி அப்பா. பையன் அம்மாவின் மேல் ஆசை வைக்கிறான். அப்பா தன் ஆண்மையைப் பறித்துவிடுவாரோ என்று பயந்து அந்த ஆசையை அடக்குகிறான். இது அவர் கொள்கை. 1929ல் போஸ் இதை மறுத்து எழுதினார். தன்னிடம் வரும் இந்திய ஆண்களிடம் அந்தப் பயம் ஐரோப்பியர்களிடம் போல முன்னே வந்து நிற்கவில்லை, பெண்ணாக இருக்கும் ஆசைதான் சுலபமாக வெளிப்படுகிறது என்றார். அவர்கள் மனதில் உள்ள அம்மா பெரும்பாலும் அம்மாவும் அப்பாவும் ஒன்றாகக் கலந்த உருவம், தாய்த் தெய்வ வழிபாட்டின் வேர் இதில் இருக்கலாம் என்றும் எழுதினார்.

நாஞ்சில் நாட்டில் முத்தாரம்மன் கோவில் கொடை பார்த்தவர்களுக்கு இது விளங்காமல் போகாது. கோபித்து முத்து போடுவதும் அவள்தான், மனமிரங்கி அதை இறக்குவதும் அவள்தான்.

இந்த வித்தியாசம் தன் கவனத்தைக் கவர்ந்ததாக பிராய்டு பதில் எழுதினார். ஆனால் தன் கொள்கையை மாற்றிக்கொள்ளவில்லை.

இருவரும் வளர்ந்த வீடுகளைப் பார்த்தால் இது ஆச்சரியமாக இருக்காது. போஸ் ஒன்பது பிள்ளைகளில் கடைக்குட்டி. ஐந்து வயது வரை தாய்ப்பால் குடித்தவர் என்று ஆஷிஸ் நந்தி எழுதியிருக்கிறார். பிராய்டோ தன் அம்மாவுக்குத் தலைமகன், செல்லப்பிள்ளை. ஆனால் அவரைப் பார்த்துக்கொண்ட தாதி, அவர் மிகச் சிறியவராக இருக்கும்போதே திருட்டுக் குற்றத்தில் பிடிபட்டு வீட்டை விட்டுப் போய்விட்டாள். அதே சமயத்தில்தான் தங்கை பிறந்தாள். 1897ல் தன்னைத்தானே ஆராய்ந்தபோது இந்த நினைவுகளை பிராய்டே தோண்டி எடுத்தார். ஆனாலும் அவர் கொள்கையின் மையத்துக்கு வந்தது அப்பாதான்.

1933ல் ஹில்டா டூலிட்டில் என்ற அமெரிக்கக் கவிஞர் வியன்னாவுக்கு வந்து பிராய்டிடம் சிகிச்சை பெற்றார். பின்னாளில் அதைப் பற்றிப் புத்தகம் எழுதினார். மேஜையில் இருந்த அந்த விஷ்ணுவும் அதில் வருகிறார். தன் தாயைத் தேடியே அவர் வியன்னா வந்திருக்கிறார் என்று பிராய்டு கண்டுபிடித்துச் சொன்னாராம். கூடவே, சிகிச்சையில் தன்னை அம்மாவாக யாராவது பாவித்தால் தனக்கு அது பிடிப்பதில்லை, தான் முழுக்க ஆண் என்ற உணர்வு உள்ளவன் என்றும் சொன்னாராம்.

கல்கத்தாவில் போஸுக்கு இந்தச் சங்கடம் இல்லை. நடுவயது வக்கீல் ஒருவரின் சிகிச்சையைப் பற்றி எழுதும்போது, அவர் என்னைச் சில நேரம் அப்பாவாகவும் சில நேரம் அம்மாவாகவும் நடத்துகிறார் என்று சாதாரணமாகக் குறிப்பிட்டிருக்கிறார். இந்திய உளப்பகுப்பாய்வின் இந்தத் தாய்மைப் பக்கத்தைப் பின்னாளில் விரிவாக எழுதியவர் சுதிர் காக்கர் (1938-2024).

பிராய்டைக் குறை சொல்வதற்காக இதை எடுத்துக்கொள்ளக் கூடாது. அவருடைய அம்மா 1930ல் 95 வயதில் இறந்தார். அடுத்த வருடமே, விஷ்ணு சிலை பரிசான அதே 1931ல், பெண்களைப் பற்றி அவர் எழுதிய கட்டுரையில் குழந்தைக்கு அம்மாவோடு உள்ள முதல் பந்தம் தான் நினைத்ததைவிட ஆழமானது என்று ஒப்புக்கொண்டார். பெண் பகுப்பாய்வாளர்களுக்கு அது தன்னைவிடத் தெளிவாகத் தெரிந்தது, காரணம் நோயாளிகளால் அவர்களை அம்மாவின் இடத்தில் வைக்க முடிந்தது என்றும் அவரே எழுதினார். அதாவது, மருத்துவர் எந்த இடத்தில் உட்காரத் தயாரோ, அந்த இடத்திலிருந்து கேட்கக்கூடியதுதான் அவர் காதில் விழும். மற்றது நோயாளியின் மனதிலேயே தங்கிவிடும். நஷ்டம் நோயாளிக்கு.

இதனால்தான் இன்று உளப்பகுப்பாய்வாளர் ஆக விரும்புகிறவர் முதலில் தானே இன்னொருவரிடம் சிகிச்சைக்கு உட்கார வேண்டும் என்ற விதி இருக்கிறது. தன் பழைய பாக்கி எது, நோயாளியின் பாக்கி எது என்று பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். பிராய்டுக்கும் சரி, போஸுக்கும் சரி, அப்படி எதிரே உட்கார ஆள் இல்லை. இருவரும் தங்களைத் தாங்களே ஆராய்ந்துகொண்டவர்கள்.

சிலையில் சீக்கிரமே விரிசல் விழுந்தது. கல்கத்தாவுக்குப் பழகிய கடவுளுக்கு வியன்னாவின் தட்பவெப்பம் ஒத்துக்கொள்ளவில்லையோ என்று பிராய்டு வேடிக்கையாகக் குறித்து வைத்தார். 1938ல் நாஜிகளிடமிருந்து தப்பி அவர் லண்டன் போனபோது விஷ்ணுவும் கூடவே போனார். அவர் கடைசியாக வாழ்ந்த அந்த வீடு இப்போது பிராய்டு மியூசியம். திருவிதாங்கூர் விஷ்ணு இன்றும் அங்கேதான் இருக்கிறார்.