பங்க்கியில் யாருடைய மொழி? ஃபின்லாந்து ஆபீஸுக்குள் இங்கிலீஷ் வந்த கதை

இன்னிக்கு கதை ஒரு லிஃப்ட்ல ஆரம்பிக்குது. எங்க ஆபீஸ் லிஃப்ட்ல ‘கோனே’னு எழுதியிருக்கும். யாரோ ஒரு முதலாளி பேருனுதான் ரொம்ப நாளா நினைச்சிட்டிருந்தேன். தேடிப் பார்த்தா, ஃபின்னிஷ் மொழியில கோனேன்னா ‘மெஷின்’. 1910ல ஹெல்சிங்கியில தொடங்கின கம்பெனி. 1968ல ஸ்வீடன்ல இருந்த ஒரு பெரிய கம்பெனியோட லிஃப்ட் பிரிவை வாங்கினாங்க. அடுத்து பல நாடுகள்ல கிளைகள். 1970கள்லயே, நமக்குள்ள பொது மொழி இங்கிலீஷ்னு முடிவு பண்ணிட்டாங்க.

முதலாளி ஃபின்லாந்துக்காரர், வாங்கின கம்பெனி ஸ்வீடன்ல. நடுவுல இங்கிலீஷ் எப்படி வந்தது? இது புரியணும்னா கொஞ்சம் பின்னாடி போகணும்.

ஃபின்லாந்து பல நூற்றாண்டுகள் ஸ்வீடன் ராஜ்யத்தோட ஒரு பகுதி. கோர்ட், யுனிவர்சிட்டி, அரசாங்க ஆபீஸ் எல்லாத்துலயும் ஸ்வீடிஷ்தான். ஃபின்னிஷ், விவசாயிகள் வீட்டுல பேசுற மொழி. 1809ல ரஷ்யா இந்த நாட்டைப் பிடிச்ச பிறகும் ஆபீஸ் மொழி மாறல. 1863லதான் ரஷ்யச் சக்கரவர்த்தி இரண்டாம் அலெக்சாந்தர், 20 வருஷத்துக்குள்ள ஃபின்னிஷுக்கும் சம உரிமை வரணும்னு ஆணை போட்டார். 1917ல சுதந்திரம் வந்தது. ரெண்டும் தேசிய மொழிகள் ஆச்சு.

இந்தச் சண்டை பேங்க் வரைக்கும் வந்தது. 1862ல தொடங்கின யூனியன் பேங்க், ஸ்வீடிஷ் பேசுற பணக்காரங்களோட பேங்க்னு பேர் வாங்கியிருந்தது. அதுக்குப் போட்டியா, ஃபின்னிஷ் பேசுறவங்களுக்குனே 1889ல கான்சல்லிஸ்-ஓசாகே-பங்க்கினு இன்னொண்ணை ஆரம்பிச்சாங்க. கேட்டீங்களா, ‘பங்க்கி’! நம்ம தாத்தா காலத்து ‘பாங்கி’ மாதிரியே. காரணம் இருக்கு. பழைய ஃபின்னிஷ் சொற்கள்ல ‘ப’வுக்கு ஒரே ஒலிதான். இங்கிலீஷ்ல பி, பீ-னு ரெண்டு இருக்குங்கறது அவங்களுக்கும் ஸ்கூல்ல போய்தான் தெரியும்.

இந்த இடத்துல ஒரு சின்ன டூர். ‘தாலோ’ன்னா வீடு. ‘தாலோஸ்ஸா’ன்னா வீட்டில். ‘தாலோஸ்ஸானிகின்’ன்னா என் வீட்டிலும். கடைசியில இருக்கிற ‘கின்’ அப்படியே நம்ம ‘உம்’. இங்கிலீஷ்ல ஏ, தி-னு போடுறோமே, அது ஃபின்னிஷ்ல கிடையாது. ‘ஐ ஹேவ்’ங்கறதுக்கு நேர் வினையும் கிடையாது, ‘என்கிட்ட இருக்கு’னுதான் சொல்வாங்க. ‘ப்ளீஸ்’க்குத் தனிச் சொல்லே இல்ல. 1856ல கால்டுவெல் தன் ஒப்பிலக்கணத்துல திராவிட மொழிகளை, ஃபின்னிஷும் அடங்கின ஒரு கூட்டத்தோட சேர்த்து வச்சுப் பார்த்தார். அந்த உறவை இன்னிக்கு மொழியியலாளர்கள் ஏத்துக்கறதில்ல. ஆனா இங்கிலீஷ் க்ளாஸ்ல ஒரு ஃபின்லாந்துக்காரர் எங்க தடுக்கி விழுவாரோ, பல இடத்துல நாமும் அங்கதான் விழுவோம்.

சரி, கதைக்கு வருவோம். ரெண்டாம் உலகப் போருக்கு முன்னாடி அவங்க ஸ்கூல்ல முக்கியமான வெளிநாட்டு மொழி ஜெர்மன். போருக்கு அப்புறம் இங்கிலீஷ் மேல வந்தது. 1970கள்ல நாடு முழுக்க பொதுப்பள்ளி முறை வந்தப்போ, எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரு வெளிநாட்டு மொழியும் இன்னொரு தேசிய மொழியும் கட்டாயம். ஃபின்னிஷ் பேசுற குழந்தைக்கு அந்த இன்னொரு மொழி ஸ்வீடிஷ். அதுக்கு மக்கள் வச்ச பட்டப்பேர் ‘பக்கோருவோட்சி’, கட்டாய ஸ்வீடிஷ். இதுக்கு விளக்கம் வேணாம்னு நினைக்கிறேன். இன்னொரு பக்கம் டிவியில வெளிநாட்டுப் படத்தை டப் பண்ண மாட்டாங்க, சப்டைட்டில்தான். அதனால சாயங்கால டிவியிலயே இங்கிலீஷ் காதுல விழுந்துட்டே இருந்தது.

1990கள் தொடக்கத்துல ஃபின்லாந்துல பெரிய பேங்க் நெருக்கடி. நூறு வருஷம் போட்டி போட்ட அந்த ரெண்டு பேங்கும் 1995ல ஒண்ணாகி ‘மெரிட்டா’ ஆச்சு. 1997ல மெரிட்டா, ஸ்வீடனோட நோர்ட்பேங்கன் கூட சேர்ந்தது. சமமான ரெண்டு பேர் சேர்றோம்னுதான் அறிவிச்சாங்க. அப்புறம் நிர்வாக மொழி எதுன்னு ஒரு கேள்வி வந்தது. ஸ்வீடிஷ்னு முடிவு பண்ணாங்க. ஃபின்லாந்துல எல்லாரும் ஸ்கூல்ல படிச்சதுதானே, ஈஸியா போயிடும்னு கணக்கு.

ஸ்கூல்ல படிச்ச மொழியில கடன் ரிஸ்க் பத்தி வாதாட முடியுமா? இருபது வருஷ அனுபவம் இருக்கிற மேனேஜர்கள் மீட்டிங்ல வாயைத் திறக்காம உட்கார்ந்தாங்க. அவசரமா ஸ்வீடிஷ் க்ளாஸ் நடந்தது. எதிர்ல இருக்கிறவர் தாய்மொழியில சரளமா அடிச்சு விடுறப்போ, இவங்க வாக்கியத்தைத் தேடிட்டு இருப்பாங்க. வீட்டுலயே ஸ்வீடிஷ் பேசி வளர்ந்த ஃபின்லாந்துக்காரங்களுக்குத் திடீர்னு மவுசு. எல்லா விஷயமும் அவங்க வழியாதான் போகணும். ஏரோ வாரா, யான்னே தியேனாரி, ரெபெக்கா பியெக்காரி மாதிரி ஆய்வாளர்கள் இந்த பேங்க் ஆளுங்ககிட்ட பேசி 2005ல எழுதினாங்க. பழைய எஜமான்-அடிமை உறவு திரும்ப வந்துட்ட மாதிரியே அங்க பல பேர் உணர்ந்திருக்காங்க.

படிக்கிறப்போ எனக்கு என் முதல் வேலைதான் ஞாபகம் வந்தது. எந்தக் கம்பெனினு சொல்லல. பக் எங்க இருக்குனு எனக்குத் தெரியும், கால்ல சொல்ல வாக்கியம் வராது, மியூட்லயே இருப்பேன். பக்கத்து சீட் ஆள் அதையே நாலு வார்த்தையில சொல்லிப் பாராட்டு வாங்குவான். கம்பெனி ஒரு ட்ரெய்னரை வச்சது. அவர் ரெண்டு வாரம் அமெரிக்க உச்சரிப்பு சொல்லிக்கொடுத்தார். எங்க கிளையன்ட் ஜெர்மன்காரங்க.

2000ல டென்மார்க் பேங்க் ஒண்ணு சேர்ந்தது. கொஞ்ச நாள்ல மொத்தக் குழுமத்துக்கும் நோர்டியானு பேர். இப்போ நிர்வாக மொழி இங்கிலீஷ். ஸ்வீடன்காரரும் வார்த்தை தேட ஆரம்பிச்சார். யாருக்கும் சொந்த மைதானம் இல்ல. ஃபின்லாந்துக்காரங்க பல பேருக்கு இதுல நிம்மதி.

அப்போ என்ன இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கிறது? ஹெல்சிங்கி ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ்ல லேனா லௌஹியாலா-சல்மினென், மிர்யாலீசா சார்ல்ஸ், அன்னே கான்கான்ரந்தானு மூணு பேர், இந்த பேங்கையும், 1998ல ஃபின்லாந்து-ஸ்வீடன் இணைப்புல உருவான ஸ்டோரா என்சோங்கற பேப்பர் கம்பெனியையும் எடுத்துப் பார்த்தாங்க. மீட்டிங், மெயில் எல்லாத்தையும் அலசினாங்க. ஃபின்லாந்துக்காரங்க நேரா விஷயத்துக்கு வர்றாங்க, ஸ்வீடன்காரங்க பேசிப் பேசி முடிவுக்கு வர்றாங்க. இவங்க பேச்சு அவங்களுக்கு முரட்டுத்தனம், அவங்க பேச்சு இவங்களுக்கு ஜவ்வு. கிராமர் பிழைகளால வேலை நிக்கல. 2005ல இந்த இங்கிலீஷுக்கு ‘பெல்ஃப்’னு பேர் வச்சாங்க. விரிச்சுச் சொன்னா, யாருக்கும் தாய்மொழியா இல்லாத, பிசினஸுக்கான பொது இங்கிலீஷ். லண்டன்காரர் மாதிரி பேசுறது க்ளாஸோட இலக்கா இருக்க வேண்டியதில்ல, எதிர்ல இருக்கிறவருக்குப் புரியறதும் வேலை முடியறதும்தான் அளவுகோல்ங்கறது அவங்க வாதம்.

கான்கான்ரந்தா அதே வருஷம் ஸ்டோரா என்சோ மெயில்களை வச்சே டாக்டரேட் முடிச்சாங்க. ஆய்வோட தலைப்பே ஒரு மெயில் வரிதான்: ‘ஹேய் செப்போ, குட் யூ ப்ளீஸ் கமென்ட் ஆன் திஸ்!’ ஹேய் ஸ்வீடிஷ் வணக்கம், செப்போ ஃபின்னிஷ் பேர், மிச்சம் இங்கிலீஷ். அந்த ப்ளீஸும் முழுசா இல்ல, பி-எல்-எஸ்னு மூணே எழுத்து. எனக்கு ரொம்பப் பிடிச்ச தலைப்பு இது.

இதோட எல்லாம் சரியாப் போச்சுனு சொல்ல மாட்டேன். கோனேவைப் பத்தி 1999ல வந்த ஒரு ஆய்வு இன்னொரு பக்கத்தைக் காட்டுது. ஒவ்வொரு நாட்டுக் கிளையிலயும் இங்கிலீஷ் வராதவங்க, இங்கிலீஷ் தெரிஞ்ச ஒருத்தரை நம்பியே இருக்க வேண்டியிருந்தது. தலைமையகத்துச் செய்தி அந்த ஒருத்தர் வடிகட்டினதுதான். கதவு இடம் மாறியிருக்கு, காவல்காரர் இன்னும் இருக்கார்.

2018 அக்டோபர்ல நோர்டியா தன் தலைமையகத்தை ஸ்டாக்ஹோம்ல இருந்து ஹெல்சிங்கிக்கு மாத்திச்சு. ஆபீஸ் மொழி அங்கேயும் இங்கிலீஷ்தான்.