மூளைப் படமும் மறதி மருந்தும்



செம்பவாங் கடற்படைத் தளக் குடியிருப்பில் வளர்ந்து, பின்னர்க் கப்பல் பட்டறையில் சாயம் பூசும் பணியாற்றியவர் என் தந்தையார். இப்போது அவருக்கு முதுமை மறதி நோய். கான்பரா சாலையில் இருந்த புனித மரம் ஸ்ரீ பாலசுப்பிரமணியர் ஆலயம் 1990களில் ஈசூனுக்கு இடம்பெயர்ந்தது அவர் நினைவில் இல்லை. சென்ற பங்குனி உத்திரத்தன்று பழைய இடத்தைத் தேடி நடந்துவிட்டார். மருத்துவர் எம்.ஆர்.ஐ. படத்தைக் காட்டி, நினைவாற்றலுக்குரிய பகுதி சுருங்கியிருப்பதை விளக்கினார். வீடு திரும்பியதும் தம்பி கேட்டான்: "அக்கா, புதிய மருந்துகள் மூளையில் படிந்ததைக் கரைக்கின்றனவாமே! படம் சரியானால் அப்பாவும் சரியாகிவிடுவார்தானே?"

விடை தேடிப் படித்தபோது கிடைத்த வரலாற்றைக் கீழே தருகிறேன்.

1901இல் ஜெர்மனியின் ஃபிராங்ஃபர்ட் நகர மருத்துவமனையில் அகஸ்டே டிட்டர் என்னும் 51 வயதுப் பெண்மணி சேர்க்கப்பட்டார். தம் பெயரை எழுதவும் தடுமாறிய அவரைக் கவனித்தவர் மருத்துவர் அலாய்ஸ் அல்சைமர். 1906இல் அப்பெண்மணி இறந்தபின்தான் அவருடைய மூளையை ஆராய்ந்து, அதில் இருந்த படிவுகளையும் முடிச்சுகளையும் அல்சைமரால் காண முடிந்தது. அதன்பின் நெடுங்காலம் இதே நிலைதான். உயிருடன் இருப்பவருக்கு மருந்து தரலாம். அது மூளைக்குள் என்ன செய்கிறது என்று பார்க்க இயலாது.

1971இல் இலண்டனில் முதன்முதலாக ஒரு நோயாளியின் மூளை சி.டி. வருடலில் படமாயிற்று. பின்னர் வந்த எம்.ஆர்.ஐ. மூளையின் சுருக்கத்தைத் துல்லியமாக அளந்தது. ஆயினும் படிவு கண்ணில் படவில்லை. ஆய்வுக்கூடத்தில் படிவுகளுக்கு நிறமேற்றப் பயன்படும் தயோஃபிளேவின் என்னும் சாயத்தை அடிப்படையாகக் கொண்டு, பிட்ஸ்பர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வில்லியம் கிளங்கும் செஸ்டர் மேதிஸும் ஒரு கதிரியக்கப் பொருளை உருவாக்கினர். 2002இல் சுவீடனின் உப்சாலா நகரில் அது முதன்முறையாக ஒரு நோயாளியின் உடலில் செலுத்தப்பட்டது. 'பெட்' வருடலில் அமிலாய்டு படிவுகள் ஒளிர்ந்தன. உயிருள்ள மூளையிலேயே மருந்தின் விளைவைக் காணும் வழி பிறந்தது.

நம் சிங்கப்பூருக்கும் இவ்வரலாற்றில் இடமுண்டு. அல்சைமர் கண்ட முடிச்சுகளில் 'டாவ்' என்னும் புரதம் இருப்பதை 1988இல் கேம்பிரிட்ஜில் உறுதிசெய்த குழுவில் ஒருவர் கிளாட் விஷிக். மெதிலீன் நீலம் என்னும் பழைய சாயம் அப்புரதம் திரள்வதைத் தடுப்பதாக 1996இல் அவர் குழு எழுதியது. 2002இல் சிங்கப்பூரில் தொடங்கப்பட்ட டாவ்-ஆர்எக்ஸ் நிறுவனம் அச்சாயத்தை மருந்தாக்க முனைந்தது. பிரிட்டனிலும் சிங்கப்பூரிலும் 321 நோயாளிகளிடம் சோதனை நடந்தது. ஒரு பகுதியினருக்கு மூளையின் இரத்த ஓட்டமும் படமெடுக்கப்பட்டது. மருந்து உண்டோரின் வீழ்ச்சி குறைந்தது என 2008இல் சிகாகோ மாநாட்டில் விஷிக் அறிவித்தபோது உலக நாளேடுகள் அதைக் கொண்டாடின.

ஆனால் 891 பேர் பங்கேற்ற அடுத்த பெருஞ்சோதனையின் முடிவு 2016இல் வெளியானபோது, ஒப்பீட்டுக்குத் தரப்பட்ட மிகச்சிறிய அளவைவிடக் கூடுதல் அளவு எந்தப் பயனையும் தரவில்லை. வேறு மறதி மருந்து எதுவும் உண்ணாத ஏறத்தாழ 15 விழுக்காட்டினரின் எம்.ஆர்.ஐ. படங்களில் மூளைச் சுருக்கம் குறைவாக இருந்ததை நிறுவனம் சுட்டியது. குலுக்கல் முறையில் பிரிக்கப்படாத அச்சிறு குழுவை வைத்து முடிவு கூற இயலாது என்றனர் பிற அறிஞர்கள்.

மற்றொரு பாடமும் உண்டு. பாப்பினியூசுமாப் என்னும் மருந்தை 28 பேரிடம் சோதித்து 2010இல் வெளியிட்டபோது, 'பெட்' படங்களில் படிவு குறைந்திருந்தது. 2012இல் வெளிவந்த பெருஞ்சோதனைகளின் முடிவிலோ, நோயாளிகளின் நினைவும் அன்றாடச் செயலும் மேம்படவில்லை. படம் தேறியது, மனிதர் தேறவில்லை!

லெக்கனிமாப் என்னும் மருந்து சற்று முன்னேறியது. 1,795 பேரிடம் 18 மாதம் நடந்த சோதனையில் படிவு பெருமளவு கரைந்தது; நோயின் வீழ்ச்சி 27 விழுக்காடு மெதுவானது. 2023இல் அமெரிக்கா அதற்கு முழு ஒப்புதல் வழங்கியது. ஆனால் 18 புள்ளி அளவுகோலில் அந்த வேறுபாடு அரைப் புள்ளிக்கும் குறைவு. நோய் தொடக்க நிலையில் இருப்போருக்கே அது உரியது. இழந்த நினைவை அது மீட்டுத் தருவதில்லை. மூளை வீக்கமோ இரத்தக் கசிவோ ஏற்படுகிறதா என்று எம்.ஆர்.ஐ. எடுத்துக் கண்காணிக்கவும் வேண்டும்.

இவற்றையெல்லாம் தம்பிக்கு எடுத்துரைத்தேன். அவன் முகம் வாடியது. எனக்கும் வருத்தமே. எனினும், அடுத்த முறை மருத்துவரிடம் இரண்டு கேள்விகள் கேட்க முடிவு செய்துள்ளோம். அப்பாவின் நோய் எந்த நிலையில் உள்ளது? மருந்து தந்தால் படத்தில் தெரியும் மாற்றம், அவர் தாமே உடுத்துவதிலும் உண்பதிலும் வழி அறிவதிலும் தெரியுமா? மாணவரின் மதிப்பெண் பட்டியலை மட்டும் பார்த்து அவரை அறிந்துவிட்டதாக எண்ணக்கூடாது என்று பயிற்சிக் கழகத்தில் எங்களுக்குக் கற்பித்தார்கள். படத்திற்கும் அது பொருந்தும்.

உங்கள் இல்லத்திலும் மறதியால் வாடும் பெரியவர் இருந்தால், படத்தைக் காட்டி நம்பிக்கை ஊட்டுவோரிடம் இவ்விரு கேள்விகளையும் தயங்காமல் கேளுங்கள்.

நாளை வெள்ளிக்கிழமை. அப்பாவை ஈசூன் ஆலயத்திற்கு அழைத்துச் செல்கிறேன். அங்கே போனதும், "இது எந்தக் கோயில்?" என்பார். சொல்லுவேன்.