கடற்கரைப் பங்கும் புறநகர்ப் பங்கும்: நம்பிக்கை கைமாறும் இரு வழிகள்

அம்பத்தூர் தொழிற்பேட்டையும் ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையும் 1960-களில் எழுந்தன. வேலை தேடிச் சென்னையின் மேற்குப் புறநகருக்கு வந்து குடியேறிய குடும்பங்களில் தூத்துக்குடி, நெல்லை, குமரிக் கத்தோலிக்கர்களும் உண்டு. ஊரில் தானாகவே படிந்த செபம் இங்கே பிள்ளைகளிடம் ஒட்டவில்லையே என்ற ஏக்கம் அவர்களில் மூத்தவர்கள் பேச்சில் அடிக்கடி வரும். ஏக்கம் நியாயமானது. ஆனால் ‘தானாகவே’ என்பது சரிதானா? தூத்துக்குடிப் பக்கக் கடற்கரையான முத்துக்குளித்துறையையும் ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லிப் பங்குகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விடை வேறாக இருக்கிறது.

முதலில், தொடக்கம். முத்துக்குளித்துறையில் பரதவர்கள் 1530-களில் பெருந்திரளாகத் திருமுழுக்குப் பெற்றார்கள். ஆனால் 1542-இல் பிரான்சிஸ் சவேரியார் அங்கு வந்தபோது செபங்களைச் சொல்லத் தெரிந்தவர்கள் அரிது. அவர் உள்ளூர் உதவியாளர்களைக் கொண்டு செபங்களைத் தமிழாக்கி, மணியடித்துச் சிறுவர்களைக் கூட்டி மனப்பாடம் செய்வித்தார். கற்றதை வீட்டில் பெற்றோருக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் சொல்லிக்கொடுக்கும்படி அந்தப் பிள்ளைகளையே அனுப்பினார். ஊர்களில் கணக்கப்பிள்ளைகள் எனப்பட்ட உபதேசியார்களை அமர்த்திப் பணியைத் தொடரச் செய்தார். பின்னர் அக்கடற்கரையில் பணியாற்றிய இயேசு சபைக் குரு அன்றீக்கு அடிகளார் 1578-இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ என்ற செப நூலையும், 1579-இல் கொச்சியில் வினாவிடை வடிவில் ‘கிரிசித்தியானி வணக்கம்’ என்ற நூலையும் அச்சிட்டார். ஆக, கடற்கரையிலும் நம்பிக்கை முதலில் பிள்ளையிடமிருந்து பெற்றோருக்குத்தான் போயிற்று. பாட்டியிடமிருந்து பேரனுக்கு இறங்கும் மரபு தலைமுறைகளின் உழைப்பில் பிறகு உருவானது.

அடுத்து, கற்பிப்பது யார்? வேரூன்றிய கடற்கரைப் பங்கில் ஊரே கற்பிக்கிறது. கோயில் மணி, உபதேசியார், வீட்டுச் செபமாலை, தவக்காலச் சிலுவைப்பாதை, திருவிழாத் தேர் எல்லாமே பாடம். தூத்துக்குடி பனிமய மாதா திருவிழா ஜூலை 26-இல் கொடியேறி ஆகஸ்ட் 5-இல் நிறைவடைகிறது. செப்டம்பர் 14-இல் மணப்பாட்டில் திருச்சிலுவைத் திருவிழா. அங்கு வளரும் பிள்ளை பெரியவர்கள் முழந்தாளிடுவதைப் பார்த்தே முழந்தாளிடக் கற்கிறது. புறநகரில் இத்தனையையும் ஞாயிறு மறைக்கல்வி வகுப்பு ஒன்றே சுமக்கிறது. கன்னியர்களும் இளைஞர்களும் ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் ஊதியமின்றிப் பாடம் நடத்துகிறார்கள். புதுநன்மைக்கும் உறுதிபூசுதலுக்கும் பிள்ளைகளைத் தயாரிப்பது அவர்களே.

இரண்டிலும் பலமும் குறையும் உண்டு. ஊர் தருவது பழக்கம். ஆனால் ஏன் என்ற கேள்விக்கு விடை சொல்லும் பயிற்சி அதில் குறைவு. அதனால்தான் ஊரைவிட்டு வந்ததும் பலருக்கு மாலைச் செபம் நழுவிவிடுகிறது; அதைத் தாங்கிய மணியும் தெருவும் உடன் வரவில்லை. வகுப்பு தருவது விளக்கம். விவிலியத்தைத் திறந்து வாசிக்கவும் கேள்வி கேட்கவும் புறநகர்ப் பிள்ளைக்கு அங்கே வாய்ப்பு உண்டு. ஆனால் பிள்ளை கற்றதை வாழ்ந்து காட்டும் பெரியவர்கள் வகுப்புக்கு வெளியே நிற்கிறார்கள். பல பெற்றோர் பிள்ளையை வாசலில் இறக்கிவிட்டுத் திரும்புகிறார்கள். அவர்களுக்கும் கற்க இடமுண்டு என்று நாம் சொல்லாதபோது பழியை அவர்கள்மேல் மட்டும் போடலாகாது.

மூன்றாவது, நேரம். கடலோரத்தில் பெரும்பாலான கத்தோலிக்க மீனவர்கள் ஞாயிறன்று கடலுக்குப் போவதில்லை; தொழிலின் நாள்காட்டியும் கோயிலின் நாள்காட்டியும் அங்கே இசைந்து நடக்கின்றன. அம்பத்தூரில் ஷிப்ட் தீர்மானிக்கிறது. இரவு வேலை முடித்து வரும் தகப்பனையும், மருத்துவமனையில் ஞாயிறு பணி பார்க்கும் தாயையும் ஒரே பூசைக்கும் ஒரே வகுப்புக்கும் வரச் சொன்னால் நடக்காது. இங்குதான் அக்கம்பக்கக் குடும்பங்களின் சிறு குழுவான அன்பியம் பெரும் கொடை. பத்துப் பதினைந்து குடும்பங்கள் ஒரு வீட்டில் கூடும்போது நேரத்தை மாற்றிக்கொள்ளலாம். வெவ்வேறு மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள் ஒருவருக்கொருவர் உறவாகவும் வழி பிறக்கிறது. ஊரில் பிறப்பால் கிடைத்த சுற்றத்தை இங்கே செபத்தால் உண்டாக்கலாம்.

நான்காவது, மூத்தோர். ஊரில் தாத்தா பாட்டிக்குத் திண்ணையில் இடம் உண்டு. இங்கே பலருடைய தாத்தா பாட்டி தெற்கிலேயே இருக்கிறார்கள். உடன் வந்தவர்களோ ஆங்கிலவழியில் படிக்கும் பேரப்பிள்ளையிடம் தமிழ்ச் செபத்தைச் சொல்லத் தயங்குகிறார்கள். திருத்தந்தை பிரான்சிஸ் 2021-இல் தாத்தா பாட்டியர், முதியோர் உலக நாளைத் தொடங்கி, புனித சுவக்கீன், அன்னா திருநாளான ஜூலை 26-ஐ ஒட்டி, அம்மாதத்தின் நான்காம் ஞாயிறை அதற்குக் குறித்தார். பனிமய மாதாவுக்குக் கொடியேறுவதும் அந்த ஜூலை 26-இல்தான். மூத்தோருக்கான அந்த ஞாயிறைப் பொன்னாடை போர்த்துவதோடு முடிக்காமல், மூத்தவர்கள் தங்கள் நம்பிக்கைக் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லும் நாளாக்கலாம்.

ஒப்பிட்டுப் பார்க்கையில் ஒன்று தெளிவாகிறது. மேற்குப் புறநகர் இன்று நிற்கும் இடம் பாட்டிமார் நினைவில் வாழும் ஊர் அல்ல. சவேரியார் கண்ட கடற்கரை. பிள்ளைகள் கற்கிறார்கள், கற்றது பெரியவர்களிடம் இன்னும் சேரவில்லை. பெற்றோரே பிள்ளைகளின் முதன்மையான கல்வியாளர்கள் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் கிறிஸ்தவக் கல்வி அறிக்கை 1965-இல் கூறியது. அதை நடப்பாக்க, மாதம் ஒரு வகுப்பிலாவது பெற்றோரும் மூத்தோரும் பிள்ளைகளோடு ஒரே பாடத்தில் உட்காரட்டும். புதுநன்மைத் தயாரிப்பில் ஞானப்பெற்றோருக்கும் பங்கு கொடுப்போம். வகுப்பில் எழுந்த கேள்வியை அந்த வாரமே அன்பியம் எடுத்துப் பேசட்டும். ஊரைப் புறநகரில் மறுபடி கட்ட முடியாது, கட்டவும் வேண்டாம். ஊரின் பழக்கத்தையும் வகுப்பின் விளக்கத்தையும் ஒரே வீட்டில் சேர்க்கும் வாய்ப்பு இந்தத் தலைமுறைக்குத்தான் வாய்த்திருக்கிறது. அதற்குப் பெரியவர்கள் முதலில் மாணவர்களாக வேண்டும்.