சித்திர சபைக்குள் பன்னிரண்டு பேர்

சாரல் இல்லாத மாசி மாதத்தில் குற்றாலத்திற்கா என்று கேட்காதவர் இல்லை. அருவியில் நீர் நூலாக இழிந்துகொண்டிருந்தது. வெயிலோ பொதிகையின் நிழலையும் மீறிக் காய்ந்தது. ஆயினும் நாங்கள் தெரிந்தேதான் அந்தப் பருவத்தைத் தேர்ந்தோம். எங்கள் இலக்கு சுவர்கள். பூசி, தீட்டி, மங்கி, மறுபடியும் தீட்டப்பட்ட சுவர்களைக் காண நினைப்பவர்களுக்கு ஈரக்காற்று இல்லாத நாட்களே ஏற்றவை.

எங்களை அழைத்துச் செல்ல இசைந்தவர் ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர் ஒருவர். வழிகாட்டி என்ற சொல் அவருக்குப் பிடிக்காது. இரண்டு நிபந்தனைகள் விதித்தார். பன்னிரண்டு பேருக்கு மேல் கூடாது. எந்த இடத்திலும் முதற் கால்மணி நேரம் ஒருவரும் பேசக்கூடாது, தாமும் பேசமாட்டார். "முதல்ல கண்ணு பார்க்கட்டும். அதுக்கப்புறம் காது கேக்கட்டும்" என்றார். தலபுராணம், கல்வெட்டு, நூற்குறிப்பு என்று வீட்டிலிருந்தே சுமந்து வந்திருந்த எங்களுக்கு இரண்டாவது நிபந்தனைதான் கடினமாக இருந்தது என்பதை ஒளிக்க வேண்டியதில்லை.

காலவரிசையில் பார்ப்பதென்று முடிவாயிற்று. எனவே முதலில் சென்றது சேர்ந்தமரத்தை அடுத்த திருமலாபுரம் குடைவரைக்கு. முற்காலப் பாண்டியர் பணி. பாறையைக் குடைந்த மண்டபம், சிவனுக்கான கருவறை, சுவரில் ஆடும் சிவன், திருமால், பிள்ளையார், நின்ற கோலத்தில் பிரமன். பிரமனுக்கு இத்தனை இடம் தந்த குடைவரைகள் மிகுதியில்லை என்பதால் எங்களில் சிலர் அவர்முன் நெடுநேரம் நின்றனர். ஆசிரியர் மட்டும் அண்ணாந்து விதானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கால்மணி கழிந்தபின் நாங்களும் அண்ணாந்தோம். முதலில் தெரிந்தது கரியும் கறையும் மட்டுமே. கண் பழகப் பழக ஒரு தாமரையின் விளிம்பு, பிறகு ஒரு கொடியின் வளைவு, அதன்பின் இது உருவமா கறையா என்று துணியவொண்ணாத ஏதோ ஒன்று. பிரெஞ்சு ஆய்வாளர் ழுவோ துப்ராய் இவ்வோவியங்களை உலகுக்குச் சுட்டியதும், கலை வரலாற்றறிஞர் சி. சிவராமமூர்த்தி இவற்றைப் பாண்டியர் ஓவியத்தின் அரிய எச்சமாக எழுதியதும் நாம் அறிந்தவையே. சித்தன்னவாசலுக்குச் செல்லும் கூட்டத்தில் நூற்றில் ஒரு பங்கு கூட இங்கு வருவதாகத் தெரியவில்லை. நாங்கள் இருந்த ஒன்றரை மணி நேரத்தில் வேறு மனிதர் எவரும் வரவில்லை, ஆடு மேய்க்கும் பெரியவர் ஒருவர் மட்டும் எட்டிப் பார்த்து, "என்னய்யா, எல்லாரும் கூரையப் பாக்கீங்க?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

"இதை யாரும் மறுபடி தீட்டவில்லை, அதனால்தான் மிச்சம் இருக்கிறது. மறுபடி தீட்டாததால்தான் மிச்சம் இவ்வளவே இருக்கிறது" என்றார் ஆசிரியர். அந்த இரண்டு வாக்கியங்களும் ஒன்றையொன்று வெட்டுவதாக அப்போது எங்களுக்குத் தோன்றிற்று. மறுநாள் மாலை வரை அவை எங்களுடனேயே வந்தன.

பிற்பகல் தென்காசி.

மதுரையை இழந்த பாண்டியர் தெற்கே ஒதுங்கி நிலைத்த ஊர் இது. காசி விசுவநாதர் கோயிலை எடுப்பித்தவர் பராக்கிரம பாண்டியர். திருப்பணி 1446இல் தொடங்கிற்று. இராசகோபுர வேலை அதற்குச் சுமார் பத்தாண்டுகளுக்குப் பின்னரே தொடங்கிற்று. அரசர் மறைந்தபின் அவர் தம்பி குலசேகர பாண்டியர் அதை நிறைவேற்றினார். இம்மரபில் பின்னர் வந்தவர்தான் நைடதமும் வெற்றிவேற்கையும் பாடிய அதிவீரராம பாண்டியர். ஆட்சிப்பரப்பு சுருங்கச் சுருங்கத் தமிழ்ப் புலமை பெருகிய ஒரு மன்னர் குலத்தை நினைத்தால் வியப்பும் சற்று வருத்தமும் சேர்ந்தே எழுகின்றன.

கோபுர வாயிலில் நுழையும்போது அந்தப் புகழ்பெற்ற காற்று எங்களையும் விடவில்லை. முதலில் எதிரே வந்து முகத்தில் அறைந்தது. வாயிலைக் கடந்து உள்ளே சில அடி வைத்ததும் முதுகைத் தள்ளிக் கோயிலுக்குள் அனுப்பிற்று. ஆரியங்காவுக் கணவாய்வழி வரும் மேல்காற்றையும் வாயிலின் அமைப்பையும் கொண்டு இதற்குக் காரணம் சொல்ல முயன்ற பொறியாளர் நண்பர், தம் வேட்டியைப் பிடிப்பதில் ஈடுபட நேர்ந்ததால் விளக்கம் பாதியில் நின்றது.

திருவோலக்க மண்டபத்துச் சிற்பங்களைப் பற்றி எழுதத் தனிக்கட்டுரை வேண்டும். வீரபத்திரர் இருவர், தாண்டவ மூர்த்தியர், காளி, திருமால், மன்மதன், இரதி, தமிழணங்குகள் என்று ஆளுயரத்தை விஞ்சிய வடிவங்கள், தூணோடு ஒரே கல்லில். கிருஷ்ணாபுரத்தைப் பார்த்தவர்களுக்கு இவற்றின் உறவுமுறை உடனே புரியும். வீரபத்திரரின் நரம்பும் நகமும் இரதியின் இடையும் பற்றி எல்லோரும் சொல்வார்கள். எங்களை நிறுத்தியது கல்லின் நிறவேறுபாடு. கை எட்டும் உயரத்தில் கல் கறுத்து வழவழப்பாக இருந்தது. அதற்கு மேலே சாம்பல் நிறத்தில் சொரசொரப்பாக. பல தலைமுறை மனிதர் தொட்டுத் தொட்டு வரைந்த கோடு அது. கல் அதைத் தாங்கிக்கொண்டது.

ஆனால் அன்றைய பகற்பொழுதின் உச்சம் சிற்பமன்று, கல்வெட்டாகப் பொறிக்கப்பட்ட பராக்கிரமரின் பாடல்களே. அவற்றுள் ஒன்றின் பொருளை மட்டும் சொல்கிறோம். இந்தப் பொன்னாலயத்துக்கு நேராத குற்றம் ஏதேனும் நேர்ந்து, அப்போது இங்கு வந்து அதை நீக்கிக் காப்பவர் எவராயினும், அவரை உலகறியப் பணிகிறேன் என்கிறார் அரசர். இடிப்பவனைச் சபிக்கும் கல்வெட்டுக்களை நாம் நிறையப் படித்திருக்கிறோம். கங்கைக் கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவம் நமக்கு மனப்பாடம். இங்கே சாபமே இல்லை. இன்னும் பிறக்காத ஒருவரின் காலில் ஒரு மன்னர் முன்கூட்டியே விழுந்து கிடக்கிறார்.

அரசர் அஞ்சியது நடந்தது. கோபுரம் சிதைந்தது. இடி விழுந்தது என்பாருண்டு, தீப்பற்றியது என்பாரும் உண்டு. நெடுங்காலம் அது மொட்டைக் கோபுரம் என்ற பெயரோடு நின்றது. இன்று நாம் காணும் ஒன்பது நிலை, ஏறத்தாழ 180 அடி உயரக் கோபுரம் 1990இல் குடமுழுக்குக் கண்டது. எங்களுள் ஒருவர், "அப்படியானால் இது பராக்கிரமர் கோபுரமில்லையே, படம் எடுத்து என்ன பயன்?" என்றார். ஆசிரியர் பதில் சொல்லவில்லை. பாடல் பொறித்த கல்லின் பக்கம் கையைக் காட்டினார். நியாயந்தான். இந்தப் புதிய கோபுரத்தை எழுப்பியவர்களைத்தானே அந்த அரசர் வணங்கியிருக்கிறார்? பழையதன்று என்று ஒதுக்கும் உரிமை அவரைவிட நமக்கு எப்படி மிகுதியாகும்?

மறுநாள் குற்றாலம். வழியில் மேலகரம், திரிகூடராசப்பக் கவிராயரின் ஊர். அவருடைய குறவஞ்சிக்காக மதுரை நாயக்கர் முத்து விசயரங்க சொக்கநாதர் நிலம் வழங்கினார். அது குறவஞ்சிமேடு என்று பெயர் பெற்றது. யோசித்துப் பார்த்தால் அந்நூலின் குறத்திதான் இவ்வட்டாரத்தின் முதல் வழிகாட்டி. மலைவளம், நாட்டுவளம், தலப்பெருமை எல்லாம் சொல்லி முடித்துவிட்டுத்தான் கைநீட்டிக் கூலி கேட்கிறாள். கூலி எதுவும் பெற மறுத்த எங்கள் ஆசிரியரிடம் இதைச் சொன்னபோது, "அவளுக்குக் குறி சொல்லவும் தெரியும், எனக்குத் தெரியாதே" என்று சிரித்தார். இரசிகமணி டி.கே.சி. தம் பிற்காலத்தைக் கழித்ததும் இவ்வூரில்தான். இராஜாஜியும் கல்கியும் அவரைத் தேடி இங்கு வந்திருக்கிறார்கள். சிறுகுழுவாக அமர்ந்து ஒன்றைச் சுவைப்பதென்பது இம்மண்ணுக்குப் புதிதன்று.

சங்கின் வடிவில் அமைந்த குற்றாலநாதர் கோயிலில் குழல்வாய்மொழியம்மையை வணங்கிவிட்டு, சற்றுத் தள்ளித் தனியே நிற்கும் சித்திர சபைக்கு நடந்தோம். முன்னே குளம், நடுவில் நீராழி மண்டபம். செப்புத் தகடு வேய்ந்த சரிவான கூரை நம்மை மலையாள நாட்டுக் கோயில் ஒன்றின்முன் நிற்பதாக மயங்கச் செய்யும். சில கல் தொலைவிலுள்ள செங்கோட்டை 1956 வரை திருவிதாங்கூர்ப் பகுதியாகவே இருந்தது என்பதை நினைத்துக்கொண்டால் மயக்கத்தின் காரணம் விளங்கும்.

ஐந்து சபைகளுள் திருவாலங்காடு இரத்தின சபை, தில்லை பொன்னம்பலம், மதுரை வெள்ளியம்பலம், நெல்லை தாமிர சபை. ஐந்தாவதான இங்கு கூத்தன் செப்புத் திருமேனியாக இல்லை. சுவரிலே ஓவியமாக ஆடுகிறார். மார்கழித் திருவாதிரையில் தாண்டவ தீபாராதனை நடக்கும் இடமும் இதுவே. சுற்றிலும் சுவர் முழுதும் துர்க்கை, வீரபத்திரர், பைரவர் என வடிவங்கள், திருவிளையாடற் காட்சிகள். காவியும் மஞ்சளும் பச்சையும் இருட்டுக்குள்ளிருந்து மெல்ல மெல்ல எழுந்து வந்தன. நாயக்கர் காலக் கோட்டின் மென்மையும் கேரளச் சுவரோவியத்தின் கனத்த அணிகலனும் ஒரே முகத்தில் கூடியிருந்தன. இந்தக் கால்மணி நேரத்தில் பேசாதிருக்க எங்களுக்கு எந்த நிபந்தனையும் தேவைப்படவில்லை.

அப்போதுதான் அது நேர்ந்தது. மேல்வரிசைக் காட்சி ஒன்றைப் பார்க்க ஓரடி பின்வாங்கிய எங்கள் நண்பரின் தோள் எதிர்ச்சுவரில் உரசிற்று. சத்தமில்லை, எதுவும் உதிர்ந்ததாகவும் தெரியவில்லை. வெளியே வெளிச்சத்துக்கு வந்தபோது அவருடைய வெள்ளைச் சட்டையின் தோளில் விரற்கடை அகலத்துக்குக் காவிநிறப் பொடி ஒட்டியிருந்தது. நண்பர் அதைத் தட்டிவிடக் கையை ஓங்கினார், பாதியில் நிறுத்திக்கொண்டார்.

நாங்கள் தேர்ந்த சிறு குழு, கற்றறிந்த குழு, விளம்பரப் பலகையில் பெயர் கிறுக்குபவர்களை எண்ணி வருந்துகிற குழு. எங்கள் கணக்கு இதுதான்.

குளக்கரைப் படியில் அமர்ந்து பேசத் தொடங்கினோம். பிரான்சிலுள்ள லாஸ்கோ குகையை 1948இல் மக்கள் பார்வைக்குத் திறந்தார்கள். வந்தோரின் மூச்சும் வெப்பமும் பாசியை வளர்த்ததால் 1963இல் மூடினார்கள். 1983 முதல் அருகில் எழுப்பிய நகலையே மக்கள் காண்கிறார்கள். இங்கும் அவ்வாறு செய்தாலென்ன என்றார் ஒருவர். அஜந்தாவில் 1920களில் இத்தாலிய வல்லுநர்கள் காக்கும் எண்ணத்துடன் பூசிய மெருகெண்ணெய் பின்னர் மஞ்சளித்து ஓவியத்தையே மறைத்த கதையை இன்னொருவர் நினைவூட்டினார். தஞ்சைப் பெரிய கோயிலில் 1931இல் எஸ். கே. கோவிந்தசாமி நாயக்கர் கால ஓவியத்தின் அடியில் சோழர் ஓவியத்தைக் கண்டறிந்ததும் பேச்சில் வந்தது. அங்கே மேலே தீட்டியவர்கள் அடியிலிருந்ததை மறைத்தார்கள், மறைத்ததாலேயே காப்பாற்றினார்கள்.

உள்ளே சில இடங்களில் கோடு தடித்தும் வண்ணம் தெளிந்தும் இருந்ததைச் சுட்டி, அவை பிற்காலத் தூரிகை பட்டவை என்று ஆசிரியர் சொல்லியிருந்தார். அதில் எங்களில் பாதிப்பேருக்கு வருத்தம். பழையதைப் பழையதாகவே விடவேண்டாமா?

"திருமலாபுரத்தில் விடலாம். அங்கே பூசை விதானத்துக்கு இல்லை" என்றார் ஆசிரியர். பிறகு அவர் சொன்னதன் சாரம் இது. தில்லை போன்ற சபைகளில் வழிபடும் உருவம் உலோகம். அது மங்காது, துலக்கினால் ஒளிரும். இங்கு மட்டும் வண்ணமே மூர்த்தி. ஒரு கண் அழிந்தால் அது கலைக்கு வந்த சேதம் மட்டுமன்று, அங்கம் குறைந்த திருமேனி. தீபம் காட்டுகிறவருக்கு அந்தக் கண் வேண்டும். அதைத் தீட்டினால் நாயக்கர் காலக் கண் போய்விடும். தீட்டாவிட்டால் இரண்டும் போய்விடும். தீபத்தின் புகையோ ஒவ்வொரு பூசையிலும் அந்தக் கண்ணின் மேல்தான் படிகிறது.

அவ்வாறாயின் பராக்கிரமர் பணிந்தது யாரை? மேலே தீட்டியவரையா, தீட்டாதே என்று தடுப்பவரையா? எங்களில் ஏழு பேர் ஒருபுறமும் நால்வர் மறுபுறமுமாக நின்றோம். சட்டையில் கறைபட்ட நண்பர் எப்பக்கமும் சேரவில்லை. எங்கள் எழுவருக்குள்ளும் ஒருமை இல்லை: பழைய முறைச் சுண்ணச்சாந்தும் இயற்கை வண்ணமுமே வேண்டும் என்று மூவர், பயிற்சிபெற்ற கை இருந்தால் போதும் என்று மற்றவர். தீட்டுவதற்கு முன் ஒவ்வோர் அங்குலத்தையும் படமெடுத்து ஆவணப்படுத்த வேண்டும் என்பதில் மட்டும் அனைவரும் உடன்பட்டோம்.

பேச்சு நீண்டுகொண்டே போக, சபையை அடைக்கும் நேரமாயிற்று. ஆசிரியர் மறுபடி ஒருமுறை உள்ளே போய்வர விரும்புவோர் யார் என்று கேட்டார். கைகள் உயர்ந்தன. எண்ணிப் பார்த்தார். "மூணு மூணு பேராப் போங்க. நடுவுல நில்லுங்க" என்றார். சட்டையில் கறைபட்ட நண்பர் கை தூக்கவில்லை. எங்கள் பைகளையெல்லாம் தம்மருகே வாங்கி வைத்துக்கொண்டு குளத்தைப் பார்த்தபடி படியிலேயே உட்கார்ந்திருந்தார்.