முரளி-லட்சுமணன்-சுவா மின்சுற்று

முரளி-லட்சுமணன்-சுவா மின்சுற்று என்பது ஒழுங்கின்மை அலைவுகளை உண்டாக்கும் எளிய நேரியலற்ற மின்சுற்று ஆகும். கே. முரளி, திருச்சிராப்பள்ளி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் எம். லட்சுமணன், அமெரிக்காவின் லியோன் சுவா ஆகியோர் இதனை 1994 இல் அறிமுகப்படுத்தினர்.

அமைப்பு

மின்தடையம், மின்தூண்டி, மின்தேக்கி, சைன் அலை மின்னழுத்த மூலம் ஆகியன தொடராக இணைக்கப்பட்டிருக்கும். மின்தேக்கிக்கு இணையாகச் சுவா இருமுனையம் அமையும். எதிர்மின்தடைப் பண்புடைய இதுவே சுற்றின் ஒரே நேரியலற்ற உறுப்பாகும். தொடர்ச்சியான இயக்கத்தில் ஒழுங்கின்மை தோன்றக் குறைந்தது மூன்று மாறிகள் தேவை. மின்தேக்கியின் மின்னழுத்தம், மின்தூண்டியின் மின்னோட்டம் ஆகிய இரண்டோடு, மூலத்தின் கட்டம் மூன்றாவதாக அமைகிறது.

இயக்கம்

மூலத்தின் வீச்சை மெல்ல உயர்த்தினால் அலைவுக்காலம் இரண்டு, நான்கு, எட்டு மடங்கு எனப் பெருகி, இறுதியில் ஒழுங்கின்மை தோன்றும்.

இரைச்சலும் ஒழுங்கின்மையும்

ஒழுங்கற்ற அலைவு மின்னிரைச்சல் போலவே தோற்றமளிக்கும். ஆனால் வெப்ப இரைச்சல் எலக்ட்ரான்களின் தற்செயல் இயக்கத்தால் எழுவது. ஒழுங்கின்மையோ திட்டவட்டமான சமன்பாடுகளிலிருந்தே பிறப்பது. அலைகாட்டியில் மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் இரு அச்சுகளில் இட்டால், ஒழுங்கின்மை வரையறுத்த வடிவமுள்ள ஈர்ப்பியாகத் தெரியும். இரைச்சலுக்கு அத்தகைய உள்ளமைப்பு இல்லை. தொடக்க நிலையின் மிகச்சிறு மாறுபாடும் விரைவில் பெருகுவதால், ஒழுங்கின்மை அலைவை நெடுங்காலத்துக்கு முன்கணிக்க இயலாது.